மூன்று பூனைக்கும் பாசிட்டிவ் வந்திருக்கிறது, என்ன செய்வது டாக்டர்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். பெரம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், ஆறு வயது மகள். வீட்டில் நான்கு பூனைகள் இருந்தன. கருப்பிக்கு நான்கு வயது, அதன் மகன் லட்டுவுக்கு ஒன்றரை வயது, கீழே கார் நிறுத்துமிடத்தில் கிடைத்த மணிக்குப் பத்து மாதம். நான்காவது ஸ்னோயி, மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய பெர்ஷியன் குட்டி. தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் ஸ்னோயிக்குக் காய்ச்சல் வந்தது, ஊசி போட்டும் இறங்கவில்லை. உடம்பு இளைத்து வயிறு மட்டும் பெருத்தது. பூச்சி என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்தோம். கடைசியில் வயிற்றிலிருந்து மஞ்சளாக நீர் எடுத்துப் பார்த்து எஃப்.ஐ.பி. என்றார்கள், கொரோனா வைரஸால் வருவது, மருந்தே இல்லை என்றார்கள். ஏழாவது மாதத்தில் போய்விட்டது.

பயந்துபோய் மற்ற மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தோம். மூன்றும் ஆன்டிபாடி பாசிட்டிவ். கருப்பிக்கும் மணிக்கும் 1:400, லட்டுவுக்கு 1:1600. இவையும் செத்துவிடுமா? வேறு எங்காவது கொடுத்துவிடலாமா? தடுப்பூசி இருக்கிறதா? குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் பயப்படுகிறார். நான் தினமும் பினாயில் போட்டு வீட்டைத் துடைக்கிறேன். ஸ்னோயியின் போர்வையை மகள் விடமாட்டேன் என்கிறாள். அதை எரித்துவிட வேண்டுமா?

ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்:

முதலில் அந்தப் பினாயிலை நிறுத்துங்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். பினாயில் வகைத் திரவங்களில் இருக்கும் பீனால் சார்ந்த பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. பூனை ஈரத் தரையில் நடக்கும், பிறகு ஓரமாக உட்கார்ந்து பாதத்தை நக்கும். தரையில் இருந்தது வயிற்றுக்குள் போய்விடும். என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு சுலபமான அடையாளம் சொல்வேன்: தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெளுக்கிற கிருமிநாசினி எதுவும் பூனை இருக்கும் வீட்டில் வேண்டாம். காயம் கழுவ எல்லா வீட்டிலும் வைத்திருக்கும் டெட்டால் மாதிரியான அந்தப் பழுப்பு நிற மருந்தும் இதில் அடக்கம். வேறு எதைப் போட்டுத் துடைப்பது என்று கீழே சொல்கிறேன்.

ஸ்னோயியை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இறங்காத காய்ச்சல், எலும்பு தெரிய இளைத்த முதுகு, பானை மாதிரி வயிறு, மஞ்சள் நீர், இரண்டு வயதுக்குக் கீழே, அதிலும் பெர்ஷியன். எல்லாம் எஃப்.ஐ.பி.யைத்தான் (ஃபீலைன் இன்ஃபெக்ஷியஸ் பெரிடோனைட்டிஸ்) காட்டுகின்றன. பூச்சி என்று நீங்கள் நினைத்ததில் தவறில்லை. குட்டிக்கு வயிறு உப்பினால் யாருக்கும் முதலில் பூச்சி ஞாபகம்தான் வரும். ஆனால் மற்ற மூன்றின் ரிப்போர்ட்டை வைத்து நீங்கள் போட்டிருக்கும் கணக்கு தப்பு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பூனை கொரோனா வைரஸ் என்பது பூனையின் குடலில் குடியிருக்கும் மிகச் சாதாரணமான ஒன்று. பல பூனைகள் சேர்ந்து வாழும் இடங்களில் 90 சதவீதம் வரை பூனைகளின் ரத்தத்தில் அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு எந்த அறிகுறியும் இருக்காது, சிலதுக்கு இரண்டு மூன்று நாள் பேதி போகும். அவ்வளவுதான். சில பூனைகளின் உடம்பில் மட்டும் இந்த வைரஸின் மரபணு மாறிவிடுகிறது. குடலோரச் செல்களில் வாழ்ந்துகொண்டிருந்தது, மேக்ரோஃபேஜ் என்கிற வெள்ளணுக்களுக்குள் புகுந்து பெருகப் பழகிக்கொள்கிறது. அந்த அணுக்கள் ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறவை. போகும் இடமெல்லாம் சிறு ரத்தக் குழாய்கள் வீங்கி, நீர் கசிகிறது. ஸ்னோயியின் வயிற்றில் தேங்கியது அதுதான். சிலதுக்கு நீர் தேங்காமல் கண், மூளை, சிறுநீரகம் என்று போய் உட்காரும், அதை உலர் வகை என்கிறோம். தொற்று உள்ள நூறு பூனைகளில் ஐந்திலிருந்து பத்துக்குத்தான் இப்படி ஆகிறது.

ஆக, ஸ்னோயியிடமிருந்து மற்றவைக்கு ஏதாவது போயிருந்தால் அது குடல் வைரஸ்தான், எஃப்.ஐ.பி. நோயே தொற்றிக்கொண்டு போவது வழக்கம் இல்லை. (2023இல் சைப்ரஸ் தீவில் நாய் கொரோனாவோடு கலந்த புது வகை ஒன்று கிளம்பி, பூனைக்குப் பூனை நேரடியாகப் பரவி நிறையப் பூனைகளைக் கொன்றது. அது விதிவிலக்கு. அதை நினைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.) ஸ்னோயி கடையிலிருந்தே கொண்டுவந்ததா, உங்கள் வீட்டுப் பூனைகளிடமிருந்து வாங்கிக்கொண்டதா என்று இப்போது கண்டுபிடிக்கவும் முடியாது.

சரி, 1:400, 1:1600 விஷயம். இந்த எண் நோயின் அளவு இல்லை. ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்க்கவைத்த பிறகும் ஆன்டிபாடி கண்ணுக்குப் படுகிறது என்பதற்கான கணக்கு அது. ‘இந்தப் பூனை எப்போதோ கொரோனா வைரஸைச் சந்தித்திருக்கிறது’ என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. 1:1600 வைத்துக்கொண்டு பதினைந்து வயது வரை மதில் மேல் ஏறும் பூனைகள் உண்டு. எஃப்.ஐ.பி. முற்றிய பூனைக்கு எண் குறைவாக வருவதும் உண்டு, ஏனென்றால் இருக்கிற ஆன்டிபாடியெல்லாம் வைரஸோடு ஒட்டிக்கொண்டு தீர்ந்துபோயிருக்கும். இந்தப் பரிசோதனையால் உண்மையான பயன் ஆன்டிபாடி இல்லவே இல்லை என்று வரும்போதுதான். அந்தப் பூனை பெரும்பாலும் வைரஸைப் பார்க்காத பூனை, அதைத் தனியாகப் பாதுகாக்கலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். வாந்தி, இளைப்பு, விட்டுவிட்டுக் காய்ச்சல். டைட்டர், அதாவது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் இந்த ஆன்டிபாடி எண், நிறைய இருந்தது. உலர் வகை எஃப்.ஐ.பி. என்று நான் முடிவு கட்டி, வேதனைப்பட வைக்க வேண்டாம், தூங்கவைத்துவிடலாம் என்று சொன்னேன். அவர்களும் அழுதுகொண்டே சம்மதித்தார்கள். பிறகு உடலைத் திறந்து பார்த்தால் குடல் முழுக்கச் சுருக்கு விழுந்து கிடந்தது. உள்ளே பூக்கட்டும் நூல். மல்லிகைச் சரத்தோடு விளையாடி விழுங்கியிருக்கிறது. ஓர் அறுவை சிகிச்சையில் பிழைத்திருக்க வேண்டிய பூனை. அன்றிலிருந்து அந்த எண்ணை மட்டும் வைத்து நான் எந்தப் பூனையின் தலையெழுத்தையும் எழுதுவதில்லை. (பூக்கட்டும் வீடுகளில் நூலை டப்பாவில் மூடி வையுங்கள். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

நோய் வந்த பூனைக்குத்தான் நோய்க்கான பரிசோதனை. ஸ்னோயிக்கு எடுத்தது போல நீர் கிடைத்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது. ரிவால்டா என்று ஒரு பழைய சோதனை இருக்கிறது. சோதனைக் குழாயில் சுமார் 8 மில்லி டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம், கலக்கிவிட்டு மேலிருந்து பூனையின் வயிற்று நீரை ஒரு சொட்டு விடுவோம். சொட்டு கரைந்து தண்ணீர் தெளிவாகவே இருந்தால் எஃப்.ஐ.பி. அநேகமாக இல்லை. ஜெல்லி மாதிரி திரண்டு மேலேயே நின்றாலோ, வாலோடு மெல்லக் கீழே இறங்கினாலோ சந்தேகம் வலுக்கும். வயிற்றுக்குள் சீழ் வைத்திருந்தாலும், சில புற்றுநோய்களிலும் இதே மாதிரி வரும் என்பதால் இதோடு நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் அல்புமின், குளோபுலின் என்ற இரண்டு புரதங்களுக்கும் உள்ள விகிதம் 0.4க்குக் கீழே இருந்தால் எஃப்.ஐ.பி. பக்கம் சாயும், 0.8க்கு மேலே என்றால் வேறு நோயைத் தேட வேண்டும். அந்த நீரிலேயே பிசிஆர் செய்து வைரஸ் நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்தது. அடித்துச் சொல்ல வேண்டுமானால் மேக்ரோஃபேஜ் அணுக்களுக்குள்ளேயே வைரஸ் இருப்பதைச் சாயமேற்றிக் காட்ட வேண்டும். எல்லா இடத்திலும் அது நடக்காது.

கருப்பி, லட்டு, மணி மூன்றும் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கும்போது இவற்றில் எதுவுமே தேவையில்லை. ‘எதிர்காலத்தில் வருமா’ என்று சொல்லக்கூடிய பரிசோதனை உலகத்தில் எங்கும் கிடையாது.

மலத்தில் பிசிஆர் செய்யலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அது வேறு கேள்விக்கான பதில். இந்தப் பூனை இப்போது வைரஸை வெளியே விடுகிறதா என்று மட்டும் அது காட்டும். விடுவதும் நிறுத்துவதுமாக இருக்கும் என்பதால் ஒரு தடவை நெகட்டிவ் வந்ததை நம்ப முடியாது. மாதம் ஒரு தடவை வீதம் தொடர்ந்து ஐந்து நெகட்டிவ் வந்தால்தான் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பூனைகள் சில வாரம், சில மாதம் விட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும். கொஞ்சம் பூனைகள் ஆயுள் முழுக்க விடும், ஆனால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. குட்டி போட வைத்து வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். உங்கள் வீட்டுக்கு, மூன்று பூனைக்கு ஐந்து மாதம் செலவு செய்து தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அந்தக் காசில் லிட்டர் பாக்ஸ் (பூனை மலம் கழிக்கும் மண் பெட்டி) வாங்குங்கள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். இந்த வைரஸ் ஒரு பூனையின் மலத்திலிருந்து இன்னொரு பூனையின் வாய்க்குப் போகிறது. தும்மலில் இல்லை, முத்தத்தில் இல்லை, பெரும்பாலும் லிட்டர் மண்ணில். பாக்ஸுக்குள் இறங்கிக் கிளறுகிற பூனையின் பாதத்தில் தூசி ஒட்டும், அதை நக்கும். உங்கள் வீட்டில் நான்கு பூனைக்கு எத்தனை பாக்ஸ் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் ஊர் அடுக்குமாடி வீடுகளில் நான் பார்த்தவரை ஒன்றுதான் இருக்கும், அதுவும் சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைத்த பால்கனியில், பக்கத்திலேயே சாப்பாட்டுக் கிண்ணம். பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது கணக்கு. இப்போது மூன்று பூனைக்கு நான்கு பாக்ஸ் வேண்டும். இடம் இல்லை என்பீர்கள், தெரியும். மூன்றாவது வைக்க முடியுமானால் அதுவே பெரிய மாற்றம். ஒரே இடத்தில் வரிசையாக வைக்காமல் பால்கனியில் ஒன்று, குளியலறையில் ஒன்று, படுக்கையறை மூலையில் ஒன்று என்று பிரித்து வையுங்கள். சாப்பாடும் தண்ணீரும் இன்னொரு அறைக்குப் போகட்டும்.

காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை அள்ளிவிட வேண்டும். தூசி பறக்காத, கட்டியாகச் சேரும் லிட்டர் நல்லது. கட்டட வேலைக்குக் கொட்டிய மணலை அள்ளிவந்து போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது காலோடு வீடு முழுக்க வரும், அதில் ஏற்கெனவே தெருப் பூனைகள் போயிருக்கும். பாக்ஸுக்கு முன்னால் ஒரு கால்மிதி போட்டால் பாதத்தில் ஒட்டியது பாதி அங்கேயே உதிரும். அள்ளும் கரண்டியை பாக்ஸுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது நல்லது. கீழே கார் நிறுத்துமிடத்துப் பூனைகளுக்கு நீங்கள் சாப்பாடு வைப்பவராக இருந்தால், அந்தத் தட்டைக் கீழேயே வையுங்கள், செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்கள்.

காய்ந்த மலத் தூசியில் இந்த வைரஸ் ஏழு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் அதன் மேலே கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு பட்டால் போய்விடும். 2020இல் நாம் எல்லோரும் இருபது நொடி கை கழுவக் கற்றுக்கொண்டது இதே கதைதான். வாரம் ஒரு முறை பாக்ஸைக் காலி செய்து சோப்புத் தண்ணீரில் தேய்த்து, சிறுநீர் வாடை போகக் கழுவிய பிறகு, வீட்டு உபயோக ப்ளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற விட்டு அலசி வெயிலில் காயவையுங்கள். சிறுநீர் இருக்கும்போதே ப்ளீச் ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும், ஜாக்கிரதை. தரையையும் இதே கலவையில் துடைக்கலாம், காய்கிறவரை பூனைகளை வேறு அறையில் வையுங்கள்.

லிட்டருக்கு அடுத்தபடி நெருக்கமும் பதற்றமும். வைரஸ் உருமாறுவதற்கும் எதிர்ப்புச் சக்தி தளர்வதற்கும் இவை துணை போகின்றன. ஸ்னோயி புது வீட்டுக்கு வந்தது, மூன்று பெரிய பூனைகளைச் சமாளித்தது, பெரம்பூரில் தீபாவளி வேறு. பட்டாசுதான் கொன்றது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு குட்டிக்கு ஒரே பருவத்தில் இத்தனை சேரக் கூடாது. இனிமேல் குட்டி எடுத்தால் முதல் மாதத்தில் கருத்தடை, குளியல், ஊர்ப் பயணம் எல்லாவற்றையும் ஒன்றாக வைக்காதீர்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பூனைகளை போர்டிங்கில் விடுவதைவிட, தெரிந்தவர் யாராவது தினமும் வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போவது மேல்.

கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மூன்றும் ஏற்கெனவே வைரஸைப் பார்த்தவை, உங்கள் வீட்டில் இருப்பதால் புதிதாக ஆபத்து ஏதும் வரப்போவதில்லை. இடம் மாற்றினால்தான் பதற்றம், போகிற வீட்டுப் பூனைக்கும் வைரஸ். அதேபோல, மகள் அழுகிறாள் என்று இப்போதைக்கு இன்னொரு குட்டி வாங்கிவிடாதீர்கள். பூனையே இல்லாத வீடு என்றால் இரண்டு மாதம் காத்திருந்து வாங்கச் சொல்லியிருப்பேன். உங்கள் மூன்றில் எதாவது ஒன்று வைரஸ் விட்டுக்கொண்டிருக்கலாம், புதுக் குட்டி வந்த சில நாளில் வாங்கிக்கொள்ளும்.

தடுப்பூசி இல்லை. நாம் பூனைகளுக்குப் போடும் மூன்று நோய்த் தடுப்பூசியில் கொரோனா கிடையாது. நாய்களுக்கான கூட்டு ஊசிகள் சிலவற்றில் இருப்பது நாய் கொரோனாவுக்கானது, பூனைக்கு உதவாது. மூக்கில் சொட்டாக விடும் ஒன்று அமெரிக்காவில் வந்தது. அதை 16 வாரத்துக்குப் பிறகுதான் போட முடியும், பல பூனை வீட்டில் குட்டி அதற்குள் வைரஸைச் சந்தித்துவிட்டிருக்கும். உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மாமியாரின் பயம் நியாயமானது, பெயர் ஒன்றாக இருந்தால் யாரும் குழம்புவார்கள். கொரோனா வைரஸ் குடும்பத்தில் பூனை கொரோனா ஆல்ஃபா என்ற பிரிவு, கோவிட் வைரஸ் பீட்டா என்ற வேறு பிரிவு. பூனை கொரோனா மனிதருக்கு வராது. கோவிட்தான் மனிதரிடமிருந்து பூனைக் குடும்பத்துக்குப் போனது. 2021 ஜூனில் நம் வண்டலூர் பூங்காவில் சிங்கங்களுக்கு வந்ததே, நீலா என்ற பெண் சிங்கம்கூட இறந்துபோனது, அது அந்தக் கோவிட். குழந்தை பாக்ஸில் கை வைக்கக் கூடாது, பூனையைத் தொட்டால் சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும், இது படர்தாமரைக்காகவும் குடல் கிருமிகளுக்காகவும் சொல்வது. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் லிட்டர் அள்ளும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

மருந்தே இல்லை என்று உங்களிடம் சொன்னது மட்டும் இன்றைக்குச் சரியில்லை. சில வருடம் முன்பு வரை நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பீடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற மருந்தை, தானாக எஃப்.ஐ.பி. வந்த 31 பூனைகளுக்குக் குறைந்தது 12 வாரம் கொடுத்துப் பார்த்தது. 2019இல் முடிவு வந்தது, 25 பூனைகள் பிழைத்து நீடித்தன. அதற்கு முன் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு சாகிற நோய் இது. இதன் நெருங்கிய உறவுதான் ரெம்டெசிவிர். 2021 மே மாதம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்றார்களே, அதே ரெம்டெசிவிர். உடம்புக்குள் போனதும் அது ஜிஎஸ்-441524 ஆகத்தான் மாறுகிறது. இப்போது 84 நாள் சிகிச்சை வழக்கம், நீர் வகைக்கு 42 நாளே போதும் என்று 2024இல் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது. மருந்து விலை அதிகம், கண்ணிலும் மூளையிலும் பரவியிருந்தால் அளவு கூட்ட வேண்டும். அதனால் யாரோ வாட்ஸ்அப்பில் விற்கும் குப்பியை வாங்கி நீங்களே போடாதீர்கள். இப்போது ஆரோக்கியமாக இருக்கும் மூன்றுக்கும் முன்கூட்டியே கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள், கூடாது.

அதற்குப் பதில் ஒரு நோட்டு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழியுங்கள். எடையை எழுதுங்கள். கருப்பியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. லட்டுவும் மணியும் இரண்டு வயது தாண்டும் வரை கவனம் வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் எடை இறங்கினாலோ, மருந்து கொடுத்தும் மூன்று நான்கு நாளில் இறங்காத காய்ச்சல் வந்தாலோ, கண்ணின் நிறம் மங்கினாலோ, வயிறு உப்பினாலோ அன்றே போங்கள். பக்கத்தில் வசதி இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை. போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள், டைட்டர் ரிப்போர்ட்டை அல்ல.

போர்வையை எரிக்க வேண்டாம். சோப்புத் தூளில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவைத்து, மொட்டை மாடியில் ஒரு முழு நாள் வெயிலில் போடுங்கள். சாயங்காலம் மடித்து மகளிடமே கொடுத்துவிடுங்கள்.